மழைக்காலத்துக்கு முன்னால் சர்க்கரை நோயாளிக்கு ஓர் அவசரப் பை: எதை வைக்கலாம், எவ்வளவு வைக்கலாம்?

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். வேலை கோவையில். அப்பாவும் அம்மாவும் ஊரில் தனியாக இருக்கிறார்கள், இருவருக்கும் சுகர். அம்மா காலையும் இரவும் கலப்பு இன்சுலின் போடுகிறார், காலை 20 யூனிட், இரவு 12 யூனிட். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டில்தான். அப்பாவுக்கு மாத்திரை மட்டும்: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழை பலருக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே ரயில் நின்றுபோனது, ஏரல் பக்கம் சாலையே இல்லை. கரண்ட் இல்லை, போன் எடுக்கவில்லை. வீட்டில் மருந்து இருக்கிறதா, சாப்பிட்டார்களா என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன்தான் பார்த்துக்கொண்டார்.

இந்த வருடம் ஐப்பசிக்கு முன்னால் இருவருக்கும் தனித்தனியாகப் பை தயார் செய்து வைக்க நினைக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் வெளிநாட்டு வீட்டுக்கு எழுதியவை போல இருக்கின்றன. நம் ஊருக்கு, வயதானவர்களுக்கு, உண்மையில் என்ன தேவை? இன்சுலினை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது என்பதுதான் என் பெரிய கவலை.

--

பல்லாவரம்_செல்வம் எழுதியது:

ஒரு நல்ல ஐஸ் பெட்டி வாங்குங்கள். நான்கு ஜெல் பேக் ஃப்ரீசரில் தயாராக இருக்கட்டும். கரண்ட் போனவுடன் இன்சுலினை எடுத்து ஜெல் பேக் நடுவில் வைத்துவிட்டால் ஒன்றரை நாள் கவலை இல்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

--

செவிலி_திருவாரூர் எழுதியது:

செல்வம் சார், மன்னிக்கவும், இதில் நான் மாறுபடுகிறேன். இன்சுலின் வெயிலில் கெடுவதை விட வேகமாக ஐஸில் கெடும். உறைந்துபோன இன்சுலின் உருகிய பிறகு பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கலாம், ஆனால் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. ஜெல் பேக்குக்கு நடுவில் நேராக வைத்தால் அதுதான் நடக்கும். ஐஸ் வைத்தே தீர வேண்டும் என்றால் பாட்டிலைத் துணியில் சுற்றி, ஒரு டப்பாவுக்குள் போட்டு, ஐஸ் அதைத் தொடாதபடி வையுங்கள்.

பொருநைக்கரை தம்பி, உங்கள் கவலையில் பாதியை இப்போதே இறக்கி வைக்கலாம். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது மாதக்கணக்கில் சேமிப்பதற்கான விதி. பயன்பாட்டில் இருக்கும் பாட்டில், வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில், பிரிட்ஜ் இல்லாமலேயே சுமார் 28 நாள் தாங்கும். வகையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள். நம் ஊரில் வெள்ளமும் புயலும் வருவது கார்த்திகை, மார்கழியில். அந்தக் குளிரில் வீட்டின் இருட்டு மூலையே போதும்.

2018 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. முகாமில் நான் வேலை பார்த்தபோது, "பிரிட்ஜ் நின்று மூன்று நாள் ஆயிற்று, இன்சுலின் கெட்டிருக்கும்" என்று நல்ல பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டு, ஊசியே போடாமல் வந்தவர்களைப் பார்த்தேன். சர்க்கரை 400க்கு மேல். மருந்து கையில் இருந்தும் நேர்ந்த நிலை அது. இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. வேறு மருந்து கிடைக்காத நேரத்தில், கொஞ்சம் சூடுபட்ட இன்சுலின் போடுவது போடாமல் இருப்பதை விட மேல். அளவை அடிக்கடி சோதித்துக்கொண்டே போட வேண்டும், நல்ல பாட்டில் கிடைத்தவுடன் மாற்றிவிட வேண்டும்.

வெள்ளத் தண்ணீரில் மூழ்கிய பாட்டில் மட்டும் வேறு விஷயம். ரப்பர் மூடி வழியாக ஊசி போவதால் அழுக்கும் உள்ளே போகும். அதைத் தொடாதீர்கள்.

--

கடலூர்_மருந்தாளர் எழுதியது:

நர்ஸ் அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கோடை காலத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். சித்திரை, வைகாசியில் கரண்ட் போனால் மண்பானை நல்ல வழி. பாட்டிலைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு மூடி, அதைப் பானைத் தண்ணீரில் மிதக்க விடலாம். அல்லது பெரிய சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, மேலே ஈரத்துணி. காற்று புழங்கும் நிழலில் வைக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் புழுக்கம் அதிகம் என்பதால் உள்நாட்டில் குளிர்கிற அளவு இங்கே குளிராது, ஆனாலும் 40 டிகிரி அறையை விட எவ்வளவோ மேல். வண்டி சீட்டுக்கு அடியிலும் கார் டேஷ்போர்டிலும் மட்டும் வைக்கவே கூடாது.

இப்போது பை பற்றி. முதலில் சிரிஞ்ச். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிரோடு சம்பந்தப்பட்டது.

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. சாதாரண 10 மில்லி பாட்டில் பெரும்பாலும் 40 யூனிட், அதாவது ஒரு மில்லியில் 40. மொத்தம் 400 யூனிட். பேனாவில் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜ் 100 யூனிட், மொத்தம் 300. சில பாட்டில்களும் 100 யூனிட்டில் வருகின்றன. 40க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி.

மாறிப்போனால் என்ன ஆகும்? உங்கள் அம்மா சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுக்கிறார். பாட்டில் 100 யூனிட் என்றால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. சாப்பாடு சரியாக இல்லாத வெள்ள நேரத்தில் இது ஆளையே சாய்த்துவிடும். நேர்மாறாக, 40 பாட்டிலை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும்.

சாதாரண நாளில் இது நடக்காது, ஒரே கடை, ஒரே பாட்டில். பேரிடர் நேரத்தில்தான் யாரோ கொடுத்த பாட்டில், யாரோ கொடுத்த ஊசி என்று கலந்துவிடும். அதனால் அம்மாவின் பையில் பாட்டிலும் அதற்குரிய சிவப்பு மூடி சிரிஞ்சும் ஒரே உறையில், சேர்த்துக் கட்டியபடி இருக்கட்டும்.

அளவுக்கு வருவோம். நாளுக்கு 32 யூனிட். ஒரு பாட்டில் பன்னிரண்டு நாளுக்கு மேல் வரும். 14 நாளுக்கு 448 யூனிட் வேண்டும், அதனால் இரண்டு பாட்டில். சிரிஞ்ச் நாளுக்கு இரண்டு என்றால் முப்பது. விலை அதிகம் இல்லை.

--

எளியவழி எழுதியது:

எல்லாம் சரி, 14 நாள் இருப்பு கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா? மூன்று நாளில் படகு வந்துவிடுகிறது, முகாமில் மருந்து கொடுக்கிறார்கள். மாத வருமானத்தில் மருந்து வாங்குபவர்களுக்கு இரண்டு வார இருப்பு என்பது பெரிய பாரம். மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்களுக்குக் கூடுதலாக எங்கே கிடைக்கும்? செலவு செய்ய முடிந்தவர்களுக்கு மட்டும் பேசுகிறோமோ என்று தோன்றுகிறது.

--

செவிலி_திருவாரூர் எழுதியது:

நல்ல கேள்வி. இதைப் பேசாமல் பட்டியல் போட்டுப் பயனில்லை.

புது மருந்து வந்ததும் பழையதற்குப் பின்னால் வையுங்கள். முழுதாகத் தீர்ந்த பிறகு அடுத்ததை வாங்கும் பழக்கத்தை மாற்றி, பத்து நாளுக்கு இருக்கும்போதே வாங்கினால், எப்போதும் பத்து நாள் இருப்பு கையில் நிற்கும். ஒரே ஒரு முறைதான் கூடுதல் செலவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குபவர்கள் புரட்டாசியிலேயே போய், வீடு தாழ்வான பகுதியில் இருக்கிறது, மழைக்கு முன்னால் அடுத்த மாதத்துக்கும் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் கொடுப்பார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது.

முடியாவிட்டால் ஒரு வாரம். அதுவும் முடியாவிட்டால் மூன்று நாள். மூன்று நாள் மருந்தும், படிக்கிற மாதிரி எழுதிய ஒரு சீட்டும், ஒரு குளுக்கோஸ் டப்பாவும் இருந்தால் அதுவே உருப்படியான பை. முகாமில் எங்களிடம் மாத்திரை இருந்தது, உண்மை. ஆனால் "வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று" என்று சொல்பவருக்கு நாங்கள் எதைக் கொடுப்பது? மருந்தின் பெயர், மில்லிகிராம், வேளை மூன்றும் எழுதிய தாள் இருந்தவருக்கு அஞ்சு நிமிடத்தில் மருந்து கிடைத்தது. ஆகவே பணம் இல்லாதவருக்கும் இருப்பவருக்கும் முதல் பொருள் அந்தத் தாள்தான்.

--

முதல்வகை_அம்மா எழுதியது:

என் மகனுக்கு வயது 11. முதல் வகை நீரிழிவு, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை. பள்ளிக்கரணையில் இருக்கிறோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். பெரியவர்களுக்குச் சொல்வது அப்படியே குழந்தைகளுக்குப் பொருந்தாது, அதனால் எழுதுகிறேன்.

முதல் வகையில் இன்சுலினை ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது. "சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு" என்று உறவினர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். சாப்பாட்டுக்குப் போடும் ஊசியைக் குறைக்கலாம், விடலாம். அடிப்படையாகப் போடும் நீண்ட நேர இன்சுலினை விட்டால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து, வாந்தி எடுத்து, மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். அதனால் எங்கள் பையில் சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் ஸ்ட்ரிப் எப்போதும் உண்டு. சர்க்கரை 250ஐத் தாண்டியும் உடம்பு சரியில்லை என்றும் தெரிந்தால் பார்ப்போம். கீட்டோன் கூடுதலாகக் காட்டி வாந்தியும் இருந்தால் வீட்டில் வைத்திருப்பதில்லை, எப்படியாவது ஆஸ்பத்திரி.

இரண்டாவது, இவனுக்குக் கையில் சர்க்கரை அளவு காட்டும் சென்சார் இருக்கிறது. போனில் பார்க்கலாம். கரண்ட் இல்லாமல் போன் அணைந்துவிட்டால் சென்சார் இருந்தும் ஒன்றும் தெரியாது. ஆகவே பவர் பேங்க் ஒன்று, அதற்கும் மேலே பழைய குளுக்கோமீட்டர் ஒன்று. மீட்டருக்கான வட்ட பேட்டரியும் கூடவே. எங்கள் மீட்டருக்கு 2032. பேட்டரி எண் அட்டையிலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.

--

பழைய_வாத்தியார் எழுதியது:

அன்புள்ள பொருநைக்கரை, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், நெடுநாள் சர்க்கரைக்காரன். எல்லோரும் இன்சுலின் பற்றி எழுதுகிறீர்கள். உங்கள் அப்பாவைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். மாத்திரை போடுபவருக்கு ஆபத்து இல்லை என்று ஓர் எண்ணம் இருக்கிறது. கிளிமிபிரைடு போடுகிறவர் மாத்திரையை விழுங்கிவிட்டு, சாப்பாடு வராமல் காத்திருந்தால் லோ சுகர் வரும். வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் தெருவில் ஒருவர் வழக்கம்போல காலை ஏழு மணிக்கு மாத்திரை போட்டார், சாப்பாடு மதியம்தான் வந்தது. வியர்த்துக் கொட்டி, என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேச ஆரம்பித்துவிட்டார். பயத்தில் உளறுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

சாப்பாடு கையில் வந்த பிறகே மாத்திரை. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

--

கடலூர்_மருந்தாளர் எழுதியது:

ஐயா சொன்னதில் இன்னொரு முக்கியமான சங்கதி ஒளிந்திருக்கிறது. பொருநைக்கரை, அப்பாவின் மாத்திரையில் வோக்லிபோஸ் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த மருந்தின் வேலையே மாவுச்சத்தும் சர்க்கரையும் குடலில் உடைவதைத் தாமதப்படுத்துவது. அவருக்கு லோ சுகர் வரும்போது நாம் கொடுக்கும் சீனி, வெல்லம், மிட்டாய், ஜூஸ் எல்லாம் மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். அவருக்குக் குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர், குளுக்கோன்-டி போன்றது. குளுக்கோஸ் உடைய வேண்டியதில்லை, நேராகச் சேர்ந்துவிடும். அகார்போஸ் போடுபவர்களுக்கும் இதேதான்.

நம் மாநிலத்தில் இந்தக் கூட்டு மாத்திரை போடுபவர்கள் ஏராளம். வீட்டில் சீனி இருக்கிறதே, குளுக்கோஸ் எதற்கு என்று பலர் கேட்பார்கள். ஆகவேதான் சொல்கிறேன்: இருவர் பையிலும் குளுக்கோஸே இருக்கட்டும், குழப்பம் இல்லை.

--

பொருநைக்கரை எழுதியது:

வோக்லிபோஸ் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அப்பா சட்டைப் பையில் எப்போதும் வைத்திருப்பது எலுமிச்சை மிட்டாய். இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு குளுக்கோஸ் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதையும் யாராவது எழுதினால் தாளில் சேர்த்துக்கொள்வேன்.

--

செவிலி_திருவாரூர் எழுதியது:

மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால். அல்லது மீட்டர் பார்க்க வழியில்லாமல், வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, குழப்பம் இருந்தால். சந்தேகம் இருந்தாலும் கொடுத்துவிடலாம், கொஞ்ச நேரம் சர்க்கரை ஏறுவதால் பெரிய கெடுதல் வராது.

மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடர், சுமார் 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கலந்து. தண்ணீர் இல்லாவிட்டால் அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு தடவை. சரியானதும் நான்கு பிஸ்கட்டோ ஒரு கை பொட்டுக்கடலையோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். சாக்லேட் கொடுக்காதீர்கள், அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்கு அழையுங்கள்.

கிளிமிபிரைடு போடுபவருக்கு வந்த லோ சுகர் ஒரு தடவை சரியாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. மாத்திரையின் வேலை நீண்ட நேரம் நீடிக்கும். வயதானவர், கிட்னி பலவீனமானவர் என்றால் அன்று முழுவதும், இரவும் சேர்த்து, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்தால் ஆஸ்பத்திரி.

--

பல்லாவரம்_செல்வம் எழுதியது:

ஐஸ் விஷயத்தில் அக்கா சொன்னது சரி, ஜெல் பேக்கைத் தூர வைத்துவிட்டேன்.

வயிற்றுப்போக்கு பற்றி யாரும் பேசவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு அதுதான் வீட்டுக்கு வீடு வருகிறது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கிறதே, சுகர் உள்ளவர்கள் குடிக்கலாமா?

--

கடலூர்_மருந்தாளர் எழுதியது:

குடிக்கலாம், குடிக்க வேண்டும். ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். தண்ணீரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்கிறோம். நீர் வற்றிப்போவது அதை விட எவ்வளவோ ஆபத்து. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கரைத்தால் உப்பின் அளவு மாறிவிடும். கடையில் அதே மாதிரி அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் வேறு, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இதோடு இன்னொன்று. வாந்தி, பேதி, சாப்பிட முடியாத நிலை என்றால் சில சர்க்கரை மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். மெட்ஃபார்மின் அதில் ஒன்று. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை நிச்சயம் கேட்டு நிறுத்த வேண்டும், பட்டினியும் நீரிழப்பும் சேரும்போது அவை கீட்டோன் பிரச்சினையைக் கொண்டுவரலாம், அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே. இதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "உடம்பு சரியில்லாத நாளில் எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும்" என்று கேட்டு, அவர் கையாலேயே சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த நேரத்தில் போன் எடுக்காமல் போகலாம்.

--

எளியவழி எழுதியது:

கால் பற்றி நான் சொல்கிறேன். என் மாமாவுக்குக் காலில் உணர்ச்சி குறைவு. 2015 டிசம்பரில் ஜாபர்கான்பேட்டையில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வெளியே வந்தார். கண்ணாடித் துண்டு கிழித்தது அவருக்குத் தெரியவே இல்லை. இரண்டு நாள் கழித்து வாடை வந்தபோதுதான் பார்த்தோம். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

பையோடு சேர்த்து ஒரு கம்பூட் அல்லது முழுக்க மூடிய பழைய ஷூ, ரப்பர் செருப்பு போதாது. இரண்டு ஜோடி பருத்திச் சாக்ஸ், சின்னத் துண்டு, கிருமிநாசினிக் களிம்பு, கட்டுத்துணி, கைக்கண்ணாடி. கண்ணாடி எதற்கென்றால், குனிய முடியாதவர்கள் அதைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். வெள்ளத் தண்ணீரில் இறங்கி ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, இரண்டு காலையும் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் அன்றே முகாமில் காட்ட வேண்டும்.

செலவு பற்றி முன்னால் பேசினேன். இது எதுவும் பெரிய செலவு இல்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

--

கோடம்பாக்கம்_வாசகி எழுதியது:

இழையைப் படித்துக்கொண்டே என் மாமியாருக்குப் பை கட்டுகிறேன். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் பற்றி ஒரு சந்தேகம். டப்பாவில் ஐம்பது வருகிறது, பையில் இருபத்தைந்தைப் பிரித்து ஜிப் கவரில் போட்டு வைக்கலாமா?

--

முதல்வகை_அம்மா எழுதியது:

வேண்டாம் அக்கா. ஸ்ட்ரிப் அதன் டப்பாவிலேயேதான் இருக்க வேண்டும். அந்த மூடிக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்திருப்பார்கள். மழைக்கால ஈரத்தில் வெளியே எடுத்து வைத்த ஸ்ட்ரிப் தப்பான எண் காட்டும். பிரிக்காத சின்ன டப்பா வாங்கி வையுங்கள். பிரித்தால் சில மாதங்களுக்குள் தீர்க்க வேண்டும், எத்தனை மாதம் என்று லேபிளில் இருக்கும். பிரித்த தேதியை டப்பா மேல் பேனாவால் எழுதுங்கள். விரலில் குத்தும் முன் கையைத் துடைத்துக் காய வையுங்கள், குளுக்கோஸ் தொட்ட விரலில் குத்தினால் 300 காட்டும்!

--

பழைய_வாத்தியார் எழுதியது:

சாப்பாடு? முகாமில் வருவது உப்புமா, சாம்பார் சாதம், பிரெட், பன். அவர்கள் அன்போடு செய்வதைக் குறை சொல்லவில்லை. சர்க்கரைக்காரர் அதையே சாப்பிடலாம், அளவாக. பட்டினி மட்டும் கிடக்கக் கூடாது. பையில் அடுப்பு தேவைப்படாதவை இருக்கட்டும்: பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, அவல், உப்பு பிஸ்கட். குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டிலாவது. பல்செட் வைத்திருப்பவருக்கு வேர்க்கடலை ஆகாது, பொட்டுக்கடலை மாவாகத் திரித்து வைக்கலாம்.

பை என்று சொல்கிறோமே தவிர, துணிப்பை உதவாது. ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா, அதைத் தோளில் மாட்டும் பைக்குள். தரையில் வைக்காமல் ஆணியில் மாட்ட வேண்டும், ஆனால் பரணில் போடக் கூடாது, வயதானவர் ஏறி எடுக்க முடியாது. ஆயுத பூஜை அன்று வீட்டில் எல்லாவற்றையும் துடைக்கிறோம் அல்லவா, அன்றைக்கே பையையும் பிரித்துத் தேதி பார்த்து, பழையதை எடுத்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்து புதியதை வைப்பது எங்கள் வழக்கம். இன்சுலின் பாட்டில் மட்டும் பிரிட்ஜில் இருக்கும், எச்சரிக்கை வந்ததும் பைக்கு மாறும். மறக்காமல் இருக்க, பையின் மேலேயே "பிரிட்ஜில் இன்சுலின்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

--

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போது எனக்குப் புரிவது இதுதான்: அந்த நேரத்தில் பையைத் திறக்கப் போவது நானோ அம்மாவோ இல்லாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டு அண்ணனோ, முகாமில் ஒரு தன்னார்வலரோ திறக்கலாம். அவர்களுக்குப் புரிகிற மாதிரி பை இருக்க வேண்டும். அதனால் டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டுவதற்கு ஓர் அட்டை எழுதியிருக்கிறேன். அம்மாவுடையது. திருத்துங்கள்.

"இவருக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் போடுகிறார். 40 யூனிட் பாட்டில், சிவப்பு மூடி சிரிஞ்ச் மட்டும். காலை சாப்பாட்டுக்கு முன் 20, இரவு சாப்பாட்டுக்கு முன் 12. சாப்பாடு கையில் இல்லாமல் ஊசி போட வேண்டாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் இருந்தால் பச்சை டப்பாவில் உள்ள குளுக்கோஸ் 3 கரண்டி. மயங்கினால் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், 108. மகன் எண், பக்கத்து வீட்டு எண், டாக்டர் எண்."

கூடவே மருந்துச் சீட்டின் நகல், ஆதார், காப்பீட்டு அட்டை நகல்கள் பிளாஸ்டிக் உறையில். போனிலும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மருத்துவ ஆலோசனைக்கு 104 இரண்டையும் கீழே எழுதியிருக்கிறேன்.

--

கடலூர்_மருந்தாளர் எழுதியது:

நன்றாக இருக்கிறது. இன்சுலினின் முழுப் பெயரையும் 30/70 என்று இருக்கும் விகிதத்தையும் சேருங்கள், பெட்டியின் முன்பக்கத்தை வெட்டி ஒட்டினாலே போதும். பால் போல் கலங்கலாக இருக்கும் வகை அது, உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது என்றும் ஒரு வரி. கட்டி கட்டியாக மிதந்தாலோ, பாட்டில் சுவரில் பொடி ஒட்டியிருந்தாலோ அதைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்திய ஊசிகளுக்குக் கெட்டியான காலி பாட்டில் ஒன்றையும் வையுங்கள், முகாமில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

--

செவிலி_திருவாரூர் எழுதியது:

"3 கரண்டி" என்று எழுதியிருக்கிறீர்கள். யாராவது குழம்புக் கரண்டியை எடுப்பார்கள். தேக்கரண்டி என்று எழுதி, ஒரு தேக்கரண்டியை அந்தப் பச்சை டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். மருந்து ஒவ்வாமை ஏதாவது இருந்தால் மேலே சிவப்பு மையில். கடைசியில் இரண்டு வரியைக் காலியாக விடுங்கள்: "கடைசியாக ஊசி போட்ட நேரம்", "கடைசியாகச் சாப்பிட்ட நேரம்". பென்சில் ஒன்றைக் கயிற்றில் கட்டி வையுங்கள். ஒருவர் ஊசி போட்டுவிட்டுப் போன பிறகு இன்னொருவர் வந்து அதே வேளைக்கு மறுபடி போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கும் தனி அட்டை எழுதியதும் இங்கே போடுங்கள் தம்பி, பார்த்துத் தருகிறோம்.